நடு லாரி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாயா? திட்டுவதை நிறுத்தியிருந்தால்தான் எனக்குக் கவலை.

வேறு யார் மூலமாவது உன் காதுக்கு வருவதற்குள் ஒரு மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற வண்டிகளைக் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேச வைக்கிற நிபுணன் என்றுதான் என்னை இங்கே அழைத்து வந்தார்கள். அந்த நிபுணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது நேற்று ஊரறிந்த செய்தியாகிவிட்டது. மேலாளர் சாவியை நீட்டி, "என் காரைக் கொஞ்சம் நிழல்ல விட்டுடுங்க" என்றார். தெரியாது என்று சொல்ல ஐம்பது வயதில் நாக்கு எழவில்லை. ஏறி உட்கார்ந்தேன். கார் பின்னாலேயே போய்க் காவலாளியின் அறைச் சுவரைத் தொட்டது. 'தொட்டது' என்பது என் வார்த்தை. காவலாளி வேறொரு வார்த்தை சொன்னார், அதை அக்காவுக்கு எழுத முடியாது.

இடம் உனக்குப் புரியட்டும். ஊருக்கு வெளியே ஒரு ஓடுதளம், சுற்றிலும் முள்வேலி. நடுவில் ஒரு மண்மேடு, அதைச் சுற்றி ஒரு வளைவு. ஓரத்தில் கண்ணாடி வைத்த கோபுரம். நானும் என் திரைகளும் அதற்குள். கீழே மூன்று லாரிகள். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். எங்கள் பெட்டிகள் பேசும்போது காற்றில் வேறு பேச்சு கலக்கக் கூடாதாம். சோதனை முடியும்வரை யாரும் வெளியே போகவும் முடியாது. எனவே கடிதம்.

அத்தான் சேர்ந்துவிட்டதை ஒப்பந்தக்காரர் அனுப்பிய பட்டியலில் பார்த்தேன். நடு லாரி அவருக்கு. பஸ் கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து உன் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்த மனிதர். மேலாளரிடம் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பலன் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

ஆனால் ஒரு வேடிக்கை கேள். ஓட்டுநர்களோடு நாங்கள் பேசக் கூடாது. எப்போது பிரேக் விழும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடுமாம். அவர்கள் கொட்டகை வேறு, சாப்பாட்டு அறை வேறு. கூப்பிடு தூரத்தில் இருக்கிற அத்தானை விசாரிக்க, ஒரு ராத்திரி பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கிற உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கடத்து.

உன் தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன் சமாச்சாரத்தை அவர் காதில் போட்டேன். சுவர் வந்த இடத்தில் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "உன் தம்பி கார்ல ஏறினாருங்கறது அதிசயமில்ல, இறங்கினாரு பாரு, அதுதான் அதிசயம்" என்று சொல்லச் சொன்னார்.

அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாட்டில் உப்பே இல்லையென்று ஓயாத புலம்பல். அது ஒரு நாளும் தீராது, நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்கச் சொன்னார். லாரிக்குள் "பிரேக்கில் கால் வைக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறதாமே, நிஜமா? "முப்பது வருஷம் ஓட்டினவன்கிட்ட காலைத் தூக்கி மடியில வச்சுக்கோன்னா என்னடா அர்த்தம்? அப்புறம் எதுக்கு டிரைவரு, ஒரு தலையணைய உட்கார வச்சு ஓட்டலாமே" என்கிறார். நான் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு இதெல்லாம் தெரியாது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று இந்த வயதிலும் கேட்கிறாள். அவள் நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.

இப்படிக்கு
அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் ஊர்த் தபால்காரருக்கு இறக்கை முளைத்திருக்கிறதா? நான் உனக்கு எழுதி, நீ அத்தானுக்கு எழுதி, அவர் உனக்கு எழுதி, நீ எனக்கு எழுதி, எல்லாம் ஐந்து நாளில் முடிந்திருக்கிறது. எங்கள் பெட்டிகளுக்கு அவரை வைத்துப் பாடம் எடுக்கலாம்.

அத்தானின் கேள்விக்குப் பதில். ஒவ்வொரு லாரியின் தலையிலும் ஒரு பெட்டி, ஒரு சின்னக் கொம்பு. அந்தப் பெட்டி விநாடிக்குப் பத்துத் தடவை "நான் இங்க இருக்கேன், இந்த வேகத்துல போறேன், இன்னும் பிரேக் போடல" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். சந்தேகப்படுகிற மனைவிக்குப் பதில் சொல்கிற புருஷன் மாதிரி. முதல் லாரி பிரேக் போட்டதும் "போட்டுட்டேன்" என்று சொல்லும். பின்னால் வருகிறவை அதைக் கேட்டுத் தாமாகவே நிற்கும். மனிதக் கண் பார்த்து, மூளை யோசித்து, கால் நகர்வதற்கு முன்பே லாரி நின்றிருக்கும். அதனால் மூன்றும் நெருக்கமாகப் போகலாம், சாலையில் இடம் மிச்சம், எண்ணெய் மிச்சம். ஓட்டுநர் கால் வைத்தால் நிறுத்தியது பெட்டியா காலா என்று தெரியாமல் போய்விடும். ஆகையால்தான் அந்த எழுத்து.

நேற்று தொலைநோக்கியில் அத்தானைப் பார்த்தேன். தலைக்கவசம், அதன் மேலும் ஒரு துண்டு. தொப்பை முதலில் லாரிக்குள் ஏறியது, அத்தான் பிறகு ஏறினார். கை காட்டலாமா என்று நினைத்தேன். பக்கத்தில் மேலாளர். இவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'ஹார்ன்'. எங்கே பள்ளம் இருந்தாலும் நிறுத்தமாட்டார், சத்தம் மட்டும் போடுவார். கையை மடக்கிக் காதைச் சொறிந்துகொண்டேன்.

வேலை பரவாயில்லை. மண்மேட்டு வளைவில் மட்டும் நடு லாரிக்குக் காது கொஞ்சம் மந்தம். நம் பெரியப்பா மாதிரி. கூப்பிட்டால் கேட்காது, கிசுகிசுத்தால் கேட்கும். சரியாகிவிடும்.

உன் தம்பி

ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலமே விழைகிறேன். நேரில் மூன்று முறை சொல்ல முயன்றேன். தாங்கள் வேலையாக இருந்தீர்கள்.

மண்மேட்டு வளைவில், முதல் லாரி அனுப்பும் பிரேக் செய்தி நடு லாரிக்குப் பத்தில் மூன்று தடவை போய்ச் சேருவதில்லை. இதுவரை மெதுவாகவும் இடைவெளி விட்டும் ஓட்டியதால்தான் மோதவில்லை.

காரணம் சென்ற வாரம் பிடிபட்டது. மூன்று பெட்டிகளையும் கோபுரத்தில் இருக்கும் ஒரே சுவிட்ச்தான் எழுப்புகிறது. மூன்றுக்கும் ஒரே தாளம். வளைவில் முதல் லாரிக்கும் கடைசி லாரிக்கும் இடையே மண்மேடு வந்துவிடுகிறது. ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்பதில்லை. ஆகவே இரண்டும் ஒரே கணத்தில் வாய் திறக்கின்றன. இரண்டு பேச்சும் நடுவில் மோதுகின்றன. நடு லாரிக்கு எதுவும் புரிவதில்லை.

மின்சாரம் நின்ற அன்று கோபுர சுவிட்ச் வேலை செய்யவில்லை. ஓட்டுநர்கள் தத்தம் பெட்டியைத் தாங்களே, முன்னும் பின்னுமாகப் போட்டார்கள், தாளம் மாறிப்போனது. அன்று ஒரு செய்திகூடத் தவறவில்லை.

ஒவ்வொரு பெட்டியும் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் தாமதித்துப் பேசும்படி மாற்ற வேண்டும். அரைநாள் வேலை. அதுவரை நெருக்க ஓட்டத்தைத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நடு லாரியில் இருப்பவர் என் அக்காவின் கணவர் என்பது தாங்கள் அறிந்ததே. அவர் யாராக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

பணிவுடன்
தொடர்புப் பிரிவு

ஏப்ரல் 21

தொடர்புப் பிரிவுக்கு,

கடிதம் கண்டேன். நலம்.

மின்சாரம் நின்ற நாள் ஒழுங்கற்ற நாள். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அன்றே சொன்னேன். ஒரே சுவிட்ச் என்பது என் யோசனை. மூன்று லாரியும் ஒரே நேரத்தில் கண் விழிப்பதைப் பார்க்கத்தான் விருந்தினர்கள் வருகிறார்கள். ஆளுக்கொரு நேரத்தில் எழுந்து சோம்பல் முறிப்பதைப் பார்க்க அல்ல.

பெட்டிகளுக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. திறந்தால் மறுபடி முதலிலிருந்து சான்றிதழ். ஜூன் 18 விருந்தினர் வருகை. அன்று முழு வேகம், முழு நெருக்கம்.

இதுபற்றி ஓட்டுநர் எவருக்காவது ஒரு வார்த்தை போனது தெரிந்தால், நீங்களும் உங்கள் உறவினரும் அன்றே வாசலுக்கு வெளியே.

காவலாளி அறைச் சுவர் இன்னும் பூசப்படவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

மேலாளர்

மே 5

தம்பிக்கு,

நாங்கள் சுகம். தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அடுக்களைக் குழாய் உடைந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொள்.

மண்மேட்டு வளைவு விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நடுவுல இருக்கிறவனுக்குக் காது கேக்கலன்னா முன்னாடி முட்டுவான், பின்னாடி வாங்குவான். இது உன் தம்பிக்குத் தெரியுமா? கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

இனி நான் கேட்பது. அங்கே பயம் ஒன்றும் இல்லையே? எனக்கு நேராகப் பதில் எழுது. நீ சிரிக்கிற மாதிரி எழுதினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எழுதியதுதான் உன் ஆயுசிலேயே வேடிக்கையான கடிதம். நான் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், வாசலில் துக்கச் செய்தியோடு ஆள் வந்து நின்றான்.

உனக்கும் என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால் கேள். எனக்கும் உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அவர் இப்போது வேண்டாம் என்கிறார். "பாவம், தலை நிமிர்ந்து நடக்கிறான், நடக்கட்டும்" என்கிறார்.

வெயிலில் அலையாதே.

அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதியிருக்கிறேன், ஒன்று தவறினாலும் மற்றது வந்து சேரட்டும்.

பயமா? இங்கே பயப்பட வேண்டிய ஒரே பொருள் சாப்பாட்டு அறை ரொட்டி. அதை லாரிக்கு முன்னால் வைத்தால் லாரி நிற்கும், பெட்டியே தேவையில்லை.

அத்தானிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். என் மூடநம்பிக்கை என்றே வைத்துக்கொள்ளட்டும், சிரிக்கட்டும், ஆனால் செய்யட்டும்.

ஒன்று. பெட்டியின் அடியில் ஒரு கறுப்புப் பொத்தான் இருக்கிறது. ஜூன் 18 அன்று லாரிகள் புறப்பட்டதும், கடைசி லாரிக்காரர் தன் பெட்டியை அந்தப் பொத்தானால் ஒருதரம் அணைத்து, மறுபடி போட வேண்டும். அவ்வளவுதான். அத்தான் வயதில் மூத்தவர், கொட்டகையில் ரகசியமாகச் சொன்னால் கேட்பார். பெட்டி தூங்கி எழுந்தால் சுறுசுறுப்பாக இருக்கும், நான் மத்தியானம் தூங்கி எழுவது மாதிரி.

இரண்டு. வளைவில் மட்டும், யாருக்கும் தெரியாமல், அத்தான் காலைப் பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். நீட்டியே வைத்திருந்தால் நரம்பு பிடித்துக்கொள்ளும், அந்த வயது அவருக்கு.

இதை வேறு யாரிடமும் சொல்லாதே. தையல்காரம்மாவிடம் குறிப்பாக. சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி போடு. உன்னுடைய விஷயம் என்னவென்று நான் கேட்கவில்லை. நல்ல விஷயமாக இருந்தால் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை நீ. சாவகாசமாகப் பேசலாம்.

உன் தம்பி

ஜூன் 3

அக்கா,

நீ நலமா? பதில் இல்லை. இருபதாம் தேதி ஒன்று எழுதினேன், அதற்கும் இல்லை. தபால்காரருக்கு இறக்கை உதிர்ந்துவிட்டதா?

இடைவெளியைக் குறைத்துவிட்டார்கள். முன்பு இரண்டு கட்டில் நீளம், இப்போது ஒன்றுதான். நேற்று வளைவில் அத்தானுடைய லாரி முதல் லாரியின் பின்பலகையை உரசிக்கொண்டு நின்றது. ஹார்ன் பக்கத்தில் நின்று கை தட்டினார், "எவ்வளவு துல்லியம் பாத்தீங்களா" என்றார். நான் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தேன், எழுந்தபோது அதன் ஆணியின் தடம் உள்ளங்கையில் இருந்தது.

பொத்தான் விஷயத்தைச் சொன்னாயா? 'சொன்னேன்' என்று ஒரு சொல் போதும். முழங்காலைப் பற்றிக்கூட எழுத வேண்டாம்.

தம்பி

ஜூன் 8

தம்பிக்கு,

சொன்னேன். எழுத்துக்கு எழுத்து வாசித்துக் காட்டிய மாதிரி இரண்டையும் சொன்னேன். "சரி, ஆகட்டும்னு எழுது. பாவம் அவன் தூங்கட்டும்" என்றார்.

ஆகட்டும் என்றார், எழுதிவிட்டேன். நீ தூங்கு.

பதிலுக்கு ஏன் நாளாயிற்று என்று கேட்காதே. எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். உன்னை வைத்துத்தான். பதினெட்டாம் தேதி நல்லபடியாக முடியட்டும், பிறகு நீ வீட்டுக்கு வா. சொல்ல வேண்டியதை முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். பெரிய விஷயம் இல்லை, நாமே சிரித்துக்கொள்வோம்.

அக்கா

ஜூன் 22

அக்கா,

நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆபீஸ் கடிதம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். அத்தான் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. பிழைத்துக்கொள்வார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடப்பாரா என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேசைமேல்தான் கிடக்கிறது. உன் எண்ணை அழுத்த விரல் வரவில்லை. அதனால் மறுபடி கடிதம்.

விருந்தினர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்று நன்றாகப் போயிற்று, இரண்டாவதும். மூன்றாவது சுற்றில், வளைவில், முதல் லாரி பிரேக் போட்டது. என் திரையில் மூன்று பச்சைப் புள்ளிகள். நடுப்புள்ளி நிற்கவில்லை. இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிட்டன. சத்தம் அதற்குப் பிறகுதான் கோபுரத்துக்கு வந்தது.

அக்கா, அது நரம்பு பிடிக்கிற விஷயம் இல்லை. பெட்டி தூங்கி எழுகிற விஷயமும் இல்லை. அந்த வளைவில் பத்துக்கு மூன்று தடவை நடு லாரிக்குக் காது கேட்காது என்று எனக்கு ஏப்ரல் மாதமே தெரியும். ஹார்னுக்கு எழுதினேன். ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை போனால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்றார். அத்தானை மறுபடி வீட்டில் உட்கார வைக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நீ அடுத்த பஸ்ஸில் வந்து வாசலில் நின்றிருப்பாய். அதற்குப் பயந்துதான் ரொட்டியைப் பற்றி எழுதினேன்.

பதிவுகளைப் பார்த்தேன். கடைசி லாரியின் பெட்டியை யாரும் அணைத்துப் போடவில்லை. அத்தான் ஏன் சொல்லவில்லை? ஆகட்டும் என்றாரே. மறந்துவிட்டாரா? சொல்லி, கடைசி லாரிக்காரர் கேட்கவில்லையா? நீ எழுதிய அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அன்று காலை நான் கோபுரத்தில் ஏறினேன். இல்லாவிட்டால் ஓடுதளத்தில் குறுக்கே படுத்திருப்பேன். படுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசல்வரை போனேன். கட்டில் தலைமாட்டில் அத்தான் பெயர் எழுதித் தொங்குகிறது. கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். நர்ஸ், "சொந்தக்காரரா? உள்ள போங்க, யாருமே வந்து பாக்கல இவர" என்றார். இல்லை, வேறு வார்டு என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நேற்று பெட்டிகளைத் திறக்க உத்தரவு வந்தது. ஒவ்வொன்றும் ஒரு துளி தாமதித்துப் பேசும்படி மாற்றிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. மண்மூட்டைகளை ஏற்றி, ஆளில்லாமல் இழுத்துப் பார்த்தோம். வளைவில் ஒரு செய்திகூடத் தவறவில்லை. ஹார்ன் வந்து என் கையைக் குலுக்கினார்.

நீ எப்போது வருகிறாய்? வந்தால் என்னை அடி. பேசாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆபீஸ் கடிதம் உன்னுடையதற்கு முந்தின நாள் வந்தது. 'தங்கள் கணவர் பணியில் காயமடைந்தார்' என்று இருந்தது. பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கியது அவர்தான்.

உன் அத்தானுக்குக் காலில் ஒன்றும் இல்லை. அவர் அங்கே வேலைக்குச் சேரவே இல்லை.

பிப்ரவரி கடைசியில் பெட்டியோடு கிளம்பி வந்தாரே, உங்கள் வாசல்வரை வந்தார். லாரியைக் காட்டினார்கள். பிரேக்கில் கால் வைக்காதீர்கள் என்ற எழுத்தைப் பார்த்தார். "இது என்னால ஆகாது" என்று திரும்பி நடந்தார். வாசலில் ஒரு ஆள் வேலை கேட்டு நின்றிருந்தானாம். ஒப்பந்தக்காரர் தந்த வேலைச் சீட்டு இல்லாமல் உள்ளே விடவில்லையாம். இவர் தன் சீட்டை அவன் கையில் கொடுத்தார். ஒப்பந்தக்காரருக்கு வேண்டியது தலை எண்ணிக்கை. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். இங்கே பால் வண்டி ஓட்டுகிறார். மத்தியானத்துக்கு முன்பே வீடு வந்து, உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார்.

உன்னிடம் சொல்லலாம் என்றுதான் நான் சொன்னேன். நீ எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். "நமக்காக ஒருத்தர்கிட்ட தலை குனிஞ்சு வேலை கேட்டிருக்கான், ஓடி வந்துட்டேன்னு எப்படி எழுதறது, அவனுக்கு அங்க என்ன மரியாதை இருக்கும்" என்றார். ஒரு மாதம் போகட்டும், இரண்டு மாதம் போகட்டும் என்று போய்விட்டது. நான் உனக்குப் பொய் எழுதவில்லை. அவர் சொன்னார் என்று எழுதியதெல்லாம் அவர் சொன்னதுதான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னார்.

பொத்தான் கடிதத்தை மூன்று தடவை படித்தார். "இதுல என்னமோ இருக்கு" என்றார். நான்தான், அவன் எப்போதும் இப்படித்தான் விளையாடுவான், நரம்பு பிடிக்கும் என்றுதானே எழுதியிருக்கிறான் என்றேன். எங்கள் வாக்குவாதம் அதுதான். கடைசியில், ஆகட்டும் என்று எழுதினால் உனக்கு மனசு ஆறும் என்று எழுதச் சொன்னார். உன் மனசை ஆற்றுவதற்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். என் மனசை ஆற்றுவதற்கு நீ எழுதினாய். வளைவில் இருந்தவனுக்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை அவர்தான் உறையைக் கிழித்துப் படித்தார். படித்துவிட்டு நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை. அந்த ஆளின் பெயரைக் கேட்டேன். "கேக்கலையே, அவசரத்துல சீட்டக் கொடுத்தேன், அவன் ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டான்" என்கிறார். அந்த மனுஷனுக்கும் ஒரு வீடு இருக்கும். கடிதம் நம் வீட்டுக்கு வந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. நாலு மாதமாக ஒரு சொல்லும் வராமல் இருப்பார்கள்.

நீ இன்றே போ. வார்டு வாசலில் நிற்காதே, உள்ளே போய் முகத்தைப் பார். பெயரையும் வீட்டு விலாசத்தையும் கேட்டு எனக்கு உடனே தெரியப்படுத்து. வேடிக்கையாக ஒரு வார்த்தை எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், முடிக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடப்போவது அவர்தான். இதுவரை உனக்கு வந்த அத்தனையையும் போட்டது அவர்தான்.

அக்கா